ஆறு கூப்பன், ஆறு பில், பின்னால் நின்ற பெரியவர்

கேள்வி:

சார், நாங்கள் நங்கநல்லூரில் 24 வீடுகள் உள்ள ஒரு அடுக்குமாடியில் இருக்கிறோம். தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பேப்பருக்குள் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டின் நோட்டீஸ் வந்தது. 999 ரூபாய்க்கு மேல் வாங்கினால் ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் 99 ரூபாய், ஒரு மொபைல் நம்பருக்கு ஒரு கூப்பன், ஸ்டாக் உள்ளவரை என்று போட்டிருந்தது. எங்கள் கூப்பனோடு இன்னும் ஐந்து வீட்டுக் கூப்பன்களையும் வாங்கிக்கொண்டு அன்று காலையே போனேன். அதில் மூன்று வீட்டில் வயதானவர்கள், கடைக்கு வர முடியாது, லிஸ்ட்டும் பணமும் கொடுத்துவிட்டார்கள். மற்ற இரண்டும் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் பையன்களுடையது. அவர்கள் சமைப்பதே இல்லை, "நீங்களே வச்சுக்குங்க ஆன்ட்டி" என்றார்கள். அதனால் என் வீட்டுச் சாமானை மட்டும் மூன்று பில்லாகப் பிரித்துப் போடச் சொன்னேன். ஒவ்வொரு பில்லுக்கும் ஓ.டி.பி. வேண்டும் என்பதால் வீடு வீடாகப் போன் செய்ததில் இருபது நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது. எனக்குப் பின்னால் ஒரே ஒரு கூப்பனோடு ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். அவர் முறை வந்தபோது எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். ஒன்றும் பேசாமல் கூடையை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். அவரை ஆஞ்சநேயர் கோயில் பக்கம் அடிக்கடி பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஆறு பாக்கெட்டும் பையில் இருக்கிறது, ஆனால் ஆறாவது பில்லில் எண்ணெயே ஏறவில்லை, அதற்கான 99 ரூபாயை நான் கொடுக்கவே இல்லை. கணவர், "கடைக்காரன் கொடுத்தான், நீ வாங்கினாய், அமெரிக்காவில் இப்படித்தான் வண்டி வண்டியாகச் சும்மா வாங்குகிறார்கள்" என்கிறார். மாமியார் இதை அல்பத்தனம் என்கிறார். பொங்கலுக்கும் இதே ஆஃபர் வருமாம், கூப்பனைக் கலர் ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறேன் என்று பக்கத்து வீட்டுப் பையன் சொல்கிறான். நான் செய்தது தப்பா?

— ஒரு வாசகி

பதில்:

சகோதரி, உங்கள் மாமியார் சொன்ன அந்த வார்த்தையை முதலில் ஓரமாக வைத்துவிடுங்கள். தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் சுட எவ்வளவு எண்ணெய் போகும் என்று அவருக்கே தெரியும், அதில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கப் பார்ப்பது அல்பத்தனம் ஆகாது. நான் இந்த ஊர் சூப்பர் மார்க்கெட்டுகளில் 22 வருடம் வேலை பார்த்தவன். பில் கவுண்டரில் ஆரம்பித்து ஃப்ளோர் மேனேஜர் வரைக்கும் இருந்துவிட்டு, இப்போது புதிதாகச் சேரும் கேஷியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். கூப்பனோடு வருகிறவர்களை ஒரு மாதிரி பார்க்கிற ஊழியரைத் தனியாகக் கூப்பிட்டுக் கண்டித்திருக்கிறேன். நோட்டீஸ் அடித்து உங்கள் வாசலுக்கு அனுப்பியது கடை. அதை எடுத்துக்கொண்டு போனதில் நீங்கள் கூச்சப்பட ஒன்றுமே இல்லை.

ஆனால் ஆறு கூப்பனையும் நீங்கள் ஒரே மூட்டையாகக் கட்டி என்னிடம் கொடுத்திருக்கிறீர்கள், அதை நான் அவிழ்க்க வேண்டியிருக்கிறது. உங்கள் வீட்டுக்கு ஒன்று, சரி. வயதானவர்கள் மூன்று பேருக்கு அவர்கள் லிஸ்ட், அவர்கள் பணம், அவர்கள் நம்பர், எண்ணெயும் அவர்கள் வீட்டுக்கே போனது. அதுவும் சரி மட்டுமல்ல, அது நல்ல காரியம். மாடியிலிருந்து இறங்க முடியாத ஒருவருக்கு அந்த நோட்டீஸ் வெறும் காகிதம், நீங்கள் போனதால்தான் அது எண்ணெயாக மாறியது. ஆக நான்கு கூப்பனில் எனக்கு எந்தக் கேள்வியும் இல்லை. மீதி இரண்டு, அந்தப் பையன்களுடையது, அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

விதிப்படி பார்த்தால் நீங்கள் எதையும் மீறவில்லை. ஒரு நம்பருக்கு ஒன்று என்றார்கள், ஆறு நம்பர் கொடுத்தீர்கள், ஒவ்வொரு பில்லும் 999-ஐத் தாண்டியது. கடைக்கும் நீங்கள் பெரிய நஷ்டம் வைக்கவில்லை. இந்த மாதிரி ஆஃபரில் எண்ணெயையோ சர்க்கரையையோ கடைக்காரர் கொள்முதல் விலைக்கும் கீழே தள்ளிவிடுவது உண்டு. அந்தக் குறையைக் கூடையில் இருக்கும் சோப்பு, பிஸ்கட், பருப்பு, மசாலாவில் கிடைக்கும் லாபத்தில் எடுத்துக்கொள்வார், 999 என்ற எண் அதற்காகத்தான் இருக்கிறது. அந்தக் கூடை அவருக்கு வந்துவிட்டது. பின்னே என்ன பிரச்சினை என்றால், ஒவ்வொரு கிளைக்கும் இத்தனை பெட்டி எண்ணெய்தான் என்று தலைமை அலுவலகத்தில் முன்கூட்டியே ஒதுக்கிவிடுவார்கள். 60 பாக்கெட் வந்திருந்தால் அது 60 வீட்டுக்கு என்ற கணக்கு. "ஒரு நம்பருக்கு ஒன்று" என்ற வரி கடையின் கல்லாவைக் காப்பாற்ற மட்டும் எழுதப்பட்டதென்று நினைக்காதீர்கள். ரேக்கில் இருக்கிறது நாலு பேருக்குப் பிரிந்து போகட்டும் என்றும்தான் அது எழுதப்படுகிறது. வீட்டைக் கண்டுபிடிக்க கடையிடம் வேறு வழி இல்லாததால் நம்பரை வைத்து எண்ணுகிறது. உங்கள் ஒரு வீடு அன்றைக்கு மூன்று வீடாக எண்ணப்பட்டது. அந்த இரண்டு பாக்கெட் கடையிடமிருந்து போகவில்லை, உங்களுக்குப் பின்னால் நின்ற வரிசையிலிருந்து போனது.

உங்கள் கணவர் "கடைக்காரன் கொடுத்தான், நீ வாங்கினாய்" என்கிறாரே, அந்தக் கணக்கில் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள். கூடையை வைத்துவிட்டுப் போன பெரியவர் அதில் இல்லை. உங்கள் மனதில் அவர் இருக்கிறார், அதனால்தான் இந்தக் கடிதமே எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். பொங்கலுக்கு ரேஷன் கடையில் பரிசுத் தொகுப்பு கொடுக்கும்போது வீட்டுக்கு வந்து டோக்கன் தருவார்கள், எந்த நாள் எந்த நேரம் வர வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். 2021-ல் 2500 ரூபாய் ரொக்கத்தோடு கொடுத்தார்கள், 2023-லும் 2024-லும் 1000 ரூபாய். அந்த வரிசையில் நின்று நாம் யாரும் அடுத்தவர் கரும்பில் கை வைப்பதில்லை. வைத்தால் தெருவே பேசும், ஏனென்றால் முன்னாலும் பின்னாலும் நிற்பவர்கள் எல்லாம் தெரிந்த முகம். வர முடியாத வயதானவர்கள் வேறொருவருக்கு அதிகாரம் கொடுத்து வாங்கிக்கொள்ள ரேஷனிலேயே வழி இருக்கிறது, அதை யாரும் தப்பாகப் பார்ப்பதும் இல்லை. நீங்கள் அந்த மூன்று பேருக்குச் செய்தது இதைப் போன்றதுதான். ஆனால் ஏசி போட்ட கடைக்குள் நுழைந்ததும், வரிசையில் நிற்பவர் நம் தெருக்காரர் என்பது எப்படியோ மறந்துபோகிறது. கூப்பன் தனக்கும் கடைக்கும் மட்டும் நடுவில் இருக்கிற விஷயம் என்று தோன்றிவிடுகிறது. ஆவின் அட்டையும் அப்படித்தான். 2022 நவம்பரில் ஆரஞ்சு பாக்கெட் பால் கடையில் லிட்டர் 60 ரூபாய் ஆனபோது, மாதாந்திர அட்டை வைத்திருந்தவர்களுக்கு மட்டும் 46 ரூபாயிலேயே விட்டார்கள், வீட்டு உபயோகத்துக்குத்தானே என்று. உங்கள் தெருவில் சும்மா கிடக்கிற அட்டைகளையெல்லாம் ஒரு டீக்கடைக்காரர் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால், அட்டைக்காரர்களே மனமுவந்து கொடுத்திருந்தாலும், உங்களுக்கு அது சரியென்று படாது.

இதற்காக, சும்மா கிடக்கிற கூப்பனைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இதே இரண்டு கூப்பனோடு ஆஃபரின் கடைசி நாள் சாயங்காலம் போயிருந்து, ரேக்கில் நாற்பது பாக்கெட் அப்படியே அடுக்கியிருந்தால், தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றே சொல்லியிருப்பேன், அந்த எண்ணெய் யாருக்கும் குறையப் போவதில்லை. நீங்கள் போனது முதல் நாள் காலை, அதுவும் தீபாவளி வாரம். ரேக்கைப் பார்க்காமல் கூப்பனை மட்டும் எண்ணினீர்கள், தவறு அந்த இடத்தில்தான். பெரிய தவறில்லை, ஆனால் தவறுதான். நேராகக் கேட்டீர்கள், நேராகச் சொல்லிவிட்டேன்.

அப்புறம் கவுண்டர். உண்மையைச் சொன்னால் எனக்கு எண்ணெயைவிட இதில்தான் வருத்தம் அதிகம். இருபது நிமிடம் ஒரு வரிசை நகரவில்லை என்றால் பின்னால் நிற்கிறவர்களின் கோபம் உங்கள் மேல் வராது, கம்ப்யூட்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிற பெண் மேல்தான் வரும். "என்னம்மா, இவ்ளோ ஸ்லோவா பண்றே" என்று அவளைத்தான் கேட்பார்கள். அவள் காலையிலிருந்து நின்றுகொண்டிருப்பாள். கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கொடுத்தே ஆக வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்தினார்கள், ஆனாலும் கூட்ட நேரத்தில் ஸ்டூல் பின்னால் இருக்கும், அந்தப் பெண் நின்றபடிதான் பில் போடுவாள், உட்கார்ந்தால் கை ஓடாது. அந்த நிலையில் ஆறு பில், ஆறு ஓ.டி.பி., ஆறு கூப்பன் என்றால் அவள் எதையாவது விடத்தான் செய்வாள். விட்டுவிட்டாள் பாருங்கள், உங்கள் ஆறாவது எண்ணெய்.

கூப்பன் துண்டு அவளுக்கு என்ன என்று வாடிக்கையாளர்கள் பலருக்குத் தெரியாது. நான் வேலை பார்த்த கடைகளில் வாங்கின ஒவ்வொரு கூப்பனையும் பில்லின் நகலோடு சேர்த்துப் பின் அடித்து வைக்க வேண்டும். ராத்திரி க்ளோசிங்கில் பணத்தை எண்ணுவது போலவே கூப்பனையும் எண்ணுவோம். கம்ப்யூட்டர் பன்னிரண்டு தள்ளுபடி காட்டினால் கையில் பன்னிரண்டு துண்டு இருக்க வேண்டும். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு நாள் பதினொன்றுதான் இருந்தது. ஒரு வாடிக்கையாளர் கூப்பனை வீட்டில் மறந்துவிட்டேன், நாளைக்குக் கண்டிப்பாகக் கொண்டு வந்து தருகிறேன், இன்றைக்குத் தள்ளுபடி போட்டுவிடம்மா என்று கெஞ்சியிருக்கிறார், அந்தப் பெண்ணும் முகம் தெரிந்தவர்தானே என்று போட்டுவிட்டாள். அவர் வரவே இல்லை. 150 ரூபாயை ஷார்ட்டேஜ் என்று எழுதி அவள் சம்பளத்தில் பிடித்தார்கள், அந்தத் தாளில் மேனேஜர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டது நான். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு நான் அந்தத் தாளைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும், அனுப்பவில்லை. அதனால்தான் இப்போது என் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்கிறேன், கூப்பன் கைக்கு வராமல் தள்ளுபடி போடாதீர்கள் என்று. இதைப் படிக்கிறவர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன், கூப்பனை மறந்துவிட்டால் அதைக் கேட்டு கேஷியரை வற்புறுத்தாதீர்கள். தேதி முடிந்த கூப்பனுக்கும் இதேதான். கொடுக்கலாமா கூடாதா என்று முடிவு செய்யும் அதிகாரம் அவளிடம் இல்லை, மேனேஜரிடம் கேளுங்கள், அவர் முடியாது என்றால் சரி என்று விட்டுவிடுங்கள்.

உங்கள் 99 ரூபாய்க்கு வருகிறேன். கண்டிப்பாகத் திரும்பக் கொடுங்கள், இத்தனை நாள் ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். ஸ்கேன் ஆகாத பொருளால் கல்லாப் பணம் குறையாது, அதனால் அன்று ராத்திரி அந்தப் பெண்ணின் பணக்கணக்கு சரியாகத்தான் வந்திருக்கும். குறைவது ஸ்டாக். அதிலும் ஆஃபர் பொருள் என்றால் தனியாக எண்ணுவார்கள். கூப்பன் ஆறு இருக்கிறது, அந்த ஆஃபரில் எண்ணெய் ஐந்துதான் பில்லாகியிருக்கிறது, ரேக்கில் ஒரு பாக்கெட் இல்லை. இது யாராவது ஊழியர் எடுத்துக்கொண்டதாகவும் படலாம், அல்லது கேஷியர் தெரிந்தவர்களுக்குச் சும்மா விட்டதாகவும் படலாம். இரண்டும் 99 ரூபாயைவிடப் பெரிய விஷயம். சந்தேகம் விழுந்தால் ஒரு பெண்ணின் வேலையே போகும்.

அதனால் அந்த ஆறாவது பில்லை எடுத்துக்கொண்டு, கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். நேராக மேனேஜரிடமோ சூப்பர்வைசரிடமோ பில்லைக் காட்டி, இதில் எண்ணெய் ஏறவில்லை, கூப்பன் கொடுத்துவிட்டேன், 99 ரூபாய்க்கு இப்போது பில் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லுங்கள். புது பில்லைக் கையில் வாங்குங்கள். அந்தப் பெண்ணிடம் தனியாகப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள், நல்ல எண்ணத்தில்தான் கொடுப்பீர்கள், ஆனால் பில் இல்லாத பணம் கல்லாவில் அதிகமாக இருந்தால் அதற்கும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும். இன்னொன்று, மறக்காமல் மேனேஜர் முன்னால் சொல்லுங்கள், "நான் ஆறு பில்லை ஒன்றாகக் கொண்டுவந்ததால்தான் அவசரத்தில் விட்டுப்போனது, அவர் மேல் தப்பில்லை" என்று. ஒரு வாடிக்கையாளர் வாயிலிருந்து வரும் அந்த ஒரு வரிக்கு கடைக்குள் எவ்வளவு மதிப்பு என்று எனக்குத் தெரியும்.

இனிமேல் இரண்டு மூன்று வீட்டுக்குச் சேர்த்து வாங்கப் போனால், மாதத்தின் முதல் பத்து நாளையும் ஞாயிற்றுக்கிழமையையும் தவிர்த்துவிட்டு, வார நாளில் மத்தியானம் போங்கள், மூன்று மணிக்குக் கடை காலியாக இருக்கும். வரிசையில் நிற்கும் முன்னாலேயே, நான்கு பில், நான்கு கூப்பன் இருக்கிறது, எந்தக் கவுண்டருக்கு வரட்டும் என்று கேட்டுவிடுங்கள், ஒரு கவுண்டரை உங்களுக்கென்று ஒதுக்கித் தருவார்கள். கூடையை வீடு வீடாகப் பிரித்து வையுங்கள். பின்னால் ஒரு பால் பாக்கெட்டோடு யாராவது நின்றால் முதலில் அவரை விடுங்கள். ஓ.டி.பி.க்காக நீங்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, அந்தப் பாட்டி கண்ணாடியைத் தேடி எடுத்து நம்பரைப் படிக்கும் வரைக்கும் ஒரு வரிசையே நிற்பது நியாயமில்லை. இந்த நேரத்துக்குக் கூப்பிடுவேன், போனைக் கையில் வைத்திருங்கள் என்று முன்பே சொல்லிவிட்டுப் போங்கள். சாதாரண பில்லுக்கே மொபைல் நம்பரைக் கட்டாயப்படுத்திக் கேட்கக் கூடாது என்று 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை கடைகளுக்கு அறிவுறுத்தியது. கூப்பன் இல்லாமல் வாங்கும்போது நம்பர் தர விருப்பமில்லை என்றால் தர வேண்டாம் என்பதையும் அந்தப் பெரியவர்களிடம் சொல்லி வையுங்கள்.

கணவர் சொல்லும் அமெரிக்கக் கதை பொய்யில்லை, ஆனால் அது வேறு ஏற்பாடு. அங்கே பெரும்பாலும் கூப்பன் அடிப்பது பொருளைத் தயாரிக்கிற கம்பெனி. கடைக்காரர் வாடிக்கையாளருக்கு ஒரு டாலர் குறைத்தால், அந்தக் கூப்பன் துண்டை அனுப்பி அந்த ஒரு டாலரையும், அதோடு கூப்பனைக் கையாண்டதற்கு வழக்கமாக 8 சென்ட்டையும் கம்பெனியிடமிருந்து வாங்கிக்கொள்வார். கம்பெனிக் கூப்பன் ஒன்றும் கடைக் கூப்பன் ஒன்றும் ஒரே பொருளுக்குச் சேர்த்துப் போட அங்கே பல கடைகள் அனுமதிக்கின்றன, வீடியோவில் காட்டுகிற வண்டி அப்படித்தான் நிறைகிறது. அங்கேயும் கட்டுப்பாடு இல்லாமல் இல்லை. ஒரே மாதிரிக் கூப்பன் ஒரு நாளைக்கு இத்தனைதான் என்று கடைகள் எல்லை வைத்திருக்கின்றன, வேறு பொருளுக்கு மாற்றிப் போட்டாலும் தேதி தாண்டினாலும் கம்பெனி பணம் தராமல் கடைக்காரர் தலையில்தான் அது விழும். ரேக்கைத் துடைத்துக் காலி செய்வது அங்கேயும் மரியாதைக் குறைவுதான். உங்கள் கையில் இருந்தது கடை அடித்த கூப்பன், அதற்கு எந்தக் கம்பெனியும் பின்னால் வந்து பணம் கட்டப் போவதில்லை, எண்ணித்தான் ஸ்டாக் இறக்குவார்கள்.

கலர் ஜெராக்ஸ் வேண்டவே வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. நீங்கள் இதுவரை செய்ததெல்லாம் நியாயமா இல்லையா என்று பேசக்கூடிய விஷயம், கூப்பனை நகல் எடுத்துக் கொடுப்பது மோசடி. ஏமாற்றுவதற்கு பாரதிய நியாய சன்ஹிதாவில் 318-வது பிரிவு, போலி ஆவணத்துக்கு 336-வது பிரிவு, 100 ரூபாய் எண்ணெய்க்கு யாரும் அவ்வளவு தூரம் போக மாட்டார்கள் என்று அந்தப் பையன் சொல்லலாம், ஆனால் கவுண்டரில் அதைக் கண்டுபிடித்துவிட்டால் உங்கள் தெருக் கடையில் நீங்கள் எப்படித் தலை நிமிர்ந்து நிற்பீர்கள்? அமெரிக்காவையே எடுத்துக்கொண்டால், வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு பெண் வீட்டுக் கம்ப்யூட்டரில் போலிக் கூப்பன் வடிவமைத்து விற்றார், கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் 3 கோடி டாலருக்கு மேல் நஷ்டம், 2021-ல் அவருக்கு 12 வருடச் சிறைத் தண்டனை கிடைத்தது. பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு உட்காரவைத்து இதை எடுத்துச் சொல்லுங்கள். உதவி செய்வதாக நினைத்துக்கொண்டுதான் அவன் அப்படிச் சொல்லியிருப்பான்.

கடையின் பக்கமும் நான் கேட்க வேண்டியது இருக்கிறது. ஆஃபர் ஆரம்பித்த முதல் நாளே அந்தப் பெரியவருக்கு ஒரு பாக்கெட் இல்லை என்றால், கடை எத்தனை பாக்கெட்டை நம்பி இத்தனை வீட்டுக்கு நோட்டீஸ் போட்டது? 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தவறான விளம்பரங்களைத் தடுக்க வழிகாட்டு நெறிமுறைகள் கொண்டுவந்தது. குறைந்த விலையைக் காட்டி ஆளை இழுக்கிற விளம்பரம் என்றால், எதிர்பார்க்கக்கூடிய தேவைக்குப் போதுமான சரக்கு இருக்க வேண்டும், குறைவாகத்தான் இருக்கிறது என்றால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கிறது. "ஸ்டாக் உள்ளவரை" என்று மூலையில் பொடி எழுத்தில் போட்டுவிட்டால் முடிந்துவிட்டது என்று கடைகள் நினைக்கின்றன. நான் மேனேஜராக இருந்தபோது, ஆஃபர் பொருள் தீரும் நிலையில் இருந்தால் வாசலிலேயே போர்டு எழுதி வைக்கச் சொல்வேன், சாமானெல்லாம் எடுத்து வரிசையில் நின்ற பிறகு இல்லை என்று சொல்வதைப் போல வாடிக்கையாளர் மனசு விட்டுப்போகிற விஷயம் வேறில்லை. அமெரிக்காவில் சில கடைகளில் ஒரு நல்ல பழக்கம் உண்டு, ஆஃபர் பொருள் தீர்ந்துபோனால், அடுத்த சரக்கு வந்ததும் இதே விலைக்குத் தருகிறோம் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். இங்கே அது வழக்கம் இல்லை, ஆனால் கேட்டால் செய்து தருகிற மேனேஜர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெரியவர் கேட்டிருக்கலாம், நீங்களோ பின்னால் நின்ற வேறு யாராவதோ அவருக்காகக் கேட்டிருக்கலாம். திரும்பத் திரும்ப இப்படியே நடந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குச் சொல்லலாம், நோட்டீஸையும் பில்லையும் பத்திரமாக வைத்திருங்கள்.

அந்தப் பெரியவரைக் கோயில் பக்கம் பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணெயில் ஒரு பாக்கெட்டாவது பிரிக்காமல் இருந்தால், அவரைப் பார்க்கும்போது கொடுங்கள். தானம் கொடுப்பது போலக் கொடுக்காதீர்கள், அவருக்கு அது பிடிக்காமல் போகலாம். "ஐயா, அன்றைக்குக் கவுண்டரில் உங்கள் முன்னால் நின்றது நான்தான், எங்கள் வீட்டுக்கு வேண்டியதைவிடக் கூட எடுத்துவிட்டேன், உங்கள் பங்கு என்னிடம் இருக்கிறது" என்று உள்ளதைச் சொல்லுங்கள். அவர் 99 ரூபாயை எடுத்து நீட்டினால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். எண்ணெய் தீர்ந்துவிட்டதென்றால் சொல்லிவிட்டு, பொங்கல் ஆஃபர் நோட்டீஸ் வந்த அன்றைக்கே அவருக்குத் தகவல் கொடுங்கள்.

பொங்கலுக்கு அந்த ஐடி பையன்களின் கூப்பனை என்ன செய்வது என்றும் கேட்பீர்கள். உங்கள் அடுக்குமாடி வாட்ச்மேன் குடும்பமோ, பாத்திரம் கழுவ வருகிற அம்மாவோ இந்த ஆஃபரைத் தொட்டே இருக்க மாட்டார்கள். அவர்கள் அண்ணாச்சி கடையில் ஒரு நாளைக்கு இருநூறு ரூபாய்க்கு வாங்குகிறவர்கள், ஒரே பில்லில் 999 ரூபாய் அவர்களுக்கு முடியாது. எண்ணெயில் மிச்சம் பிடிக்க வேண்டியவர்கள் முக்கியமாக அவர்கள்தான், அந்த 999 அவர்களைத்தான் வெளியே நிறுத்துகிறது. அவர்களிடம் ஒரு நானூறு ரூபாய்க்கு லிஸ்ட் வாங்குங்கள், உங்கள் வீட்டுச் சாமானில் அறுநூற்றைம்பது ரூபாய்க்கு அதோடு சேர்த்து, பையனின் நம்பரில் ஒரே பில்லாகப் போடுங்கள், எண்ணெய் அந்த வீட்டுக்குப் போகட்டும். கடைக்கு அதன் 999 வந்துவிடும், ஒரு கூப்பனுக்கு ஒரு வீடு என்ற கணக்கும் சரியாக இருக்கும். போகும்போது அந்தப் பையன்களில் ஒருவரையாவது போனோடு கூட்டிக்கொண்டு போங்கள். பையைத் தூக்கவும் ஆள் ஆச்சு, ஓ.டி.பி.க்காக யாரும் நிற்கவும் வேண்டாம்.